வைரஸ் பாடம் படிக்கப் போகிற தங்கச்சிக்கு

கம்பஸுக்குப் பெட்டி கட்டுகிற அன்றைக்கு அம்மா சம்பல் போத்தலை வைப்பாள், அப்பா புதுக் குடையை வைப்பார். நீ மறக்காமல் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்குத் தடுப்பூசி போட்டதைக் குறித்த கிளினிக் அட்டை. சாமிப் படத்துக்குப் பின்னாலோ, பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கிற பிளாஸ்டிக் பைக்குள்ளோ கிடக்கும். தேடி எடு.

மருத்துவமோ, ஆய்வுகூட விஞ்ஞானமோ, நுண்ணுயிரியலோ, எந்தப் பிரிவில் இடம் கிடைத்தாலும் ஒருநாள் உன் கையில் மனித இரத்தம் உள்ள குழாயைத் தருவார்கள். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுகிற வாய்ப்பை ஆய்வுகூடத்தில் ஒரு மூன்று கணக்காகச் சொல்வார்கள். கல்லீரல் அழற்சி பி என்றால் நூற்றுக்கு 30 வரை, சி என்றால் ஏறக்குறைய 3, எச்.ஐ.வி. என்றால் 0.3. இந்த மூன்றில் தடுப்பூசி இருப்பது பி வகைக்கு மட்டும்தான். அட்டையில் அது இல்லையென்றால் முதல் மாதமே போடத் தொடங்கு. மூன்று ஊசி, முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் ஆறு மாதம் போகும். பிராக்டிகல் தொடங்கிய பிறகு ஓடித் திரிந்து பயனில்லை.

அந்த அட்டைதான் உன் முதல் வைரஸ் புத்தகமும். போலியோ, கல்லீரல் அழற்சி பி, சின்னமுத்து, ருபெல்லா, ஜப்பானிய மூளையழற்சி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். எது உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்தது, எது வெறும் மேற்பரப்புப் புரதம் மட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதிப் பார். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டது 1993இல். நீ நொண்டாமல் பள்ளிக்கூடம் போனதற்குக் காரணம் அந்த அட்டையில் ஒரு கையெழுத்தாக இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்தவள். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்துவிட்டு இப்போது ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. வைரஸ் பாடத்தில் முதல் தடவை ரிப்பீட் வாங்கினேன். அதனால்தான் இதை எழுதத் தகுதி வந்தது.

ஏ.எல். முழுவதும் தமிழில் படித்தோம். கலம், கரு, நொதியம், நிர்ப்பீடனம், பிறபொருளெதிரி. போய் உட்கார்ந்த முதல் லெக்சரில் இதில் ஒரு சொல்கூட வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் விறுவிறுவென்று எழுதுகிறாள். நான் திரையைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத விஷயம் என்று நினைத்துவிட்டேன். தெரிந்த விஷயத்துக்குத் தெரியாத பெயர் என்று புரிய ஆறு மாதம் ஆனது. நீ அந்த ஆறு மாதத்தை மிச்சப்படுத்து. ஒரு கொப்பியை நடுவில் கோடு போட்டு இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் ஏ.எல். தமிழ்ச் சொல் எழுது. அகராதியில் தேடாதே, உன் பழைய நோட்ஸில் தேடு. முந்நூறு சொல் சேர்ந்ததும் லெக்சர் தெளிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு அந்தக் கொப்பி தேவைப்படாது, ஆனாலும் எறியாதே. உனக்குப் பின்னால் ஒருத்தி வருவாள்.

குப்பிக்குப் போ. பரீட்சைக்கு முன்னால் சீனியரோ பெட்ச் மேட்டோ சுற்றி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிற அந்தக் குப்பி இல்லாமல் நம்மில் பாதிப்பேர் பாஸாகியிருக்க மாட்டோம். ஆனால் குப்பி நோட்ஸை நம்புவதற்கு முன் புத்தகத்தோடு ஒருமுறை ஒத்துப் பார். எனக்குக் கிடைத்த நோட்ஸில், ‘டி.என்.ஏ. வைரஸ் எல்லாம் கருவுக்குள் பெருகும்’ என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு இருந்தது. நாலு பெட்ச் கை மாறி வந்த வரி. வாய்மொழிப் பரீட்சையில் அதை அப்படியே ஒப்புவித்தேன். ‘பெரியம்மை?’ என்று ஒரே சொல் கேட்டார்கள். முடிந்தது.

பெரியம்மை வைரஸ் டி.என்.ஏ.தான். ஆனால் கருவுக்குள் போகாது. வெளியே குழியவுருவிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளும். கருவுக்குள் இருக்கிற நொதியங்களை அது நம்பியில்லை, தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவருகிறது. வெட்கம் என்னவென்றால், உலகத்தில் பெரியம்மையை மறக்கக் கூடாத ஆட்களில் நாமும் அடக்கம். நம் பாட்டன் பூட்டன் இந்தக் கரைக்கு வந்தபோது இராமநாதபுரத்து மண்டபம் கேம்பில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். என் பூட்டியின் மேற்கையில் காசு அளவுக்கு ஒரு தழும்பு இருந்ததாம், அம்மாச்சி சொல்வார். 1980இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. அந்தத் தழும்பை நினைத்திருந்தால் எனக்கு அந்த விதிவிலக்கு மறந்தே இருக்காது.

அன்றைக்குத்தான் படிக்கிற முறையை மாற்றினேன். குடும்பப் பெயர்களைப் பட்டியலாகப் பாடமாக்குவதை விட்டுவிட்டு, வீட்டில், லயத்தில், பீலிக்கரையில் நான் கண்ட காய்ச்சலில் இருந்து தொடங்கினேன். எந்த வைரஸ் வந்தாலும் அதே கேள்விகள்தான். உள்ளே என்ன வைத்திருக்கிறது? மேலே கொழுப்பு உறை உண்டா? எந்த வழியாக நுழைந்து எந்தக் கலத்தைப் பிடிக்கிறது? எந்த நாளில் எந்தச் சோதனையில் பிடிபடும்? இந்த நாலுக்கும் பதில் தெரிந்தால் மிச்சம் தானாக வரும்.

உறையை எடுத்துக்கொள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிப் பாடம் இதில் தொங்குகிறது. கொழுப்பு உறை உள்ள வைரஸ் சவர்க்காரத்துக்கும் அற்ககோலுக்கும் கரைந்து சாகும். வயிற்று அமிலத்தையும் பித்தத்தையும் பெரும்பாலும் தாங்காது. உறையில்லாதது தாங்கும். அப்படியென்றால் தண்ணியிலும் சாப்பாட்டிலும் வருகிற வைரஸ் எப்படி இருக்கும்? உறையில்லாமல்தான். போலியோ, ரோட்டா, கல்லீரல் அழற்சி ஏ, ஈ எல்லாம் ஒரே கட்டில் விழுந்துவிட்டதா?

மஞ்சள் காமாலை வந்த வீட்டில் என்ன நடக்கும்? கண் மஞ்சளானதும் ஆளைத் தனியாகப் படுக்க வைப்போம், கீழாநெல்லி தேடுவோம். ஏ வகை வைரஸ் மலத்தில் மிக அதிகமாக வெளியேறுவது கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில். நாம் ஆளைப் பிரிக்கும்போது அது ஏற்கெனவே பரவிவிட்டது. நம் தோட்டங்கள் சரிவில் இருக்கின்றன. மேல் லயத்துக் கக்கூஸ் குழிக்குக் கீழேதான் கீழ் லயத்துப் பீலி. 2007இல் கம்பளையில் ஏ வகை பெரிதாகப் பரவியதைப் பற்றிப் படிக்கும்போது இந்தச் சரிவை மனதில் வை. குடிதண்ணியைக் கொதிக்க வைக்கச் சொல்வது ஏன், கைக்கு ஜெல் பூசினால் மட்டும் ஏன் போதாது என்று நீயே விளக்கலாம். ஈ வகையும் இதே பாதைதான். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அது வந்தால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து தாய்மார் வரை இறக்கலாம் என்பதைத் தனியாக எழுதி வை. பரீட்சைக்கும், வீட்டுக்கும்.

உறைக் கணக்கு எப்போதும் சரிவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி வகைக்கு உறை உண்டு. ஆனாலும் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாள் வரை உயிர்ப்போடு கிடக்கும். மேசையைத் துடைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் துடை.

அடுத்தது உள்ளே இருக்கிற இழை. 1971இல் டேவிட் பால்டிமோர் போட்ட வகைப்பாட்டை ஏழு பெட்டிகளாகப் போட்டுக் காட்டுவார்கள். முதலில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்குள் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: கலத்தின் இரைபோசோம் வாசிக்கக் கூடிய செய்தியை இந்த வைரஸ் எப்படி உண்டாக்குகிறது? டெங்கு நேர் இழை ஆர்.என்.ஏ. கலத்துக்குள் விழுந்ததும் இரைபோசோம் அதை நேரடியாக வாசித்துப் புரதம் செய்யத் தொடங்கும். விசர்நாய் வைரஸ் எதிர் இழை. அதை அப்படியே யாராலும் வாசிக்க முடியாது. மாற்றி எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள், அதாவது அதற்குரிய நொதியம், நம் கலத்தில் இல்லை. அதனால் வைரஸ் தன் துணிக்கைக்குள்ளேயே ஆளைக் கூட்டி வருகிறது. டெங்குவின் வெறும் ஆர்.என்.ஏ.யைக் கலத்துக்குள் விட்டால் தொற்று உண்டாகும். விசர்நாய் வைரஸின் வெறும் ஆர்.என்.ஏ.யை விட்டால் ஒன்றும் நடக்காது. ‘ஏன்?’ என்று கேட்டால் இப்போது உனக்குத் தெரியும். இதைப் பாடமாக்காமல் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பார். அம்மா தலையாட்டினால் உனக்குப் புரிந்துவிட்டது. ‘என்னமோ சொல்ற’ என்றால் இன்னும் இல்லை.

டெங்குவில் கொஞ்சம் அதிக நேரம் செலவழி. ‘மலைநாடு குளிரு, இங்கெல்லாம் நுளம்பு வராது’ என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதில் பாதி உண்மை இருக்கிறது. நுளம்பு நோயாளியைக் கடித்த உடனே மற்றவருக்குக் கொடுக்க முடியாது. வைரஸ் அதன் குடலில் இருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் வரை ஆகும். குளிர் கூடினால் அந்த நாள் நீளும், அதற்குள் நுளம்பே செத்துவிடலாம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். பதுளை டவுண் 680 மீற்றர் அளவுதான். ஆக, நுவரெலியாவுக்குச் சொன்ன ஆறுதலைப் பதுளைக்குச் சொல்லாதே. அதிலும் பீலியில் தண்ணி வராத நாளுக்கென்று லயத்து வாசலில் நாம் நிரப்பி வைக்கிற பீப்பா இருக்கிறதே, அதைத் துணியால் கட்டி மூடு.

2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. அந்த ஆண்டு அதிகம் பரவியது நாலு வகையில் இரண்டாவது வகை. வகை மாறினால் ஏன் ஆபத்து கூடுகிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் ருசியான இடம். முதல் தடவை வந்த வகைக்கு உடம்பு பிறபொருளெதிரி செய்து வைத்திருக்கும். அடுத்த தடவை வேறு வகை வந்தால் அந்தப் பழைய பிறபொருளெதிரி அதைப் பிடிக்கும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. பிடித்த பிடியோடு வெள்ளைக் கலத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். கண் மங்கிய வாச்சர், தெரிந்த ஆள் என்று நினைத்துக் கேட்டைத் திறந்துவிடுகிற மாதிரி. இந்த விளக்கத்தைச் சொன்னவர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற ஆராய்ச்சியாளர். புத்தகக் கதையாக இருக்கும் என்று நினைத்தேன். பிலிப்பைன்ஸில் 2016இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி போடத் தொடங்கி, முன்பு டெங்கு வராத பிள்ளைகளுக்குப் பிறகு வரும் டெங்கு கடுமையாகலாம் என்று தெரிந்ததும் 2017 கடைசியில் நிறுத்தினார்கள். அதைப் படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சோதனை எந்த நாளில் என்பது எங்கள் வேலையின் சோறு. டெங்குவில் என்.எஸ்.1 என்ற புரதம் காய்ச்சலின் முதல் நாட்களில் பிடிபடும். ஐ.ஜி.எம். பிறபொருளெதிரி ஐந்தாம் நாள் அளவில்தான் தெரியத் தொடங்கும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். இல்லை என்று வந்தால் அது டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு கோடு இழுத்து நாட்களைக் குறித்து, எது ஏறுகிறது எது இறங்குகிறது என்று வரைந்து பழகு. கல்லீரல் அழற்சி பி சோதனைகளும் அப்படித்தான் மண்டையில் ஏறும். தடுப்பூசி மட்டும் போட்டவருக்கு மேற்பரப்புப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி மட்டும் இருக்கும். நோய் வந்து தேறியவருக்கு அதோடு உட்கருப் புரதத்துக்கு எதிரானதும் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்துக்கு எல்லா வருடமும் கேள்வி வருகிறது.

பி.சி.ஆரில் பயப்பட ஒன்றுமில்லை, அது இரட்டிப்புக் கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்கு. பத்துச் சுற்றில் 1,024 மடங்கு. ஒருவரின் மாதிரி இருபதாம் சுற்றில் பிடிபட்டு மற்றவருடையது முப்பதாம் சுற்றில் பிடிபட்டால், முதல் ஆளிடம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம். ஆனால் மாதிரி கெட்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். பதுளையில் எடுத்த மாதிரி ஐஸ் பெட்டியில் கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் வரை போக வேண்டியிருக்கும். வளைவு வளைவாக எட்டு மணிநேரப் பாதை. ஐஸ் போதாமல் போன ஒரு பெட்டியை நான் திறந்திருக்கிறேன். அந்த நோயாளியிடம் இன்னொரு தரம் குத்த வேண்டும் என்று சொல்லப் போனதும் நான்தான்.

வாராவாரம் பத்து நிமிடம் ஒதுக்கிச் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கை வெளியிடுகிறது, காசில்லை. அதில் மாவட்ட வாரியாக ஓர் அட்டவணை. பதுளை வரியில் விரலை வைத்துக் குறுக்கே வாசி. டெங்கு, வயிற்றுளைவு, எலிக்காய்ச்சல், டைபஸ், கல்லீரல் அழற்சி, விசர்நாய்க்கடி, கொப்பளிப்பான் என்று போகும். எது வைரஸ், எது இல்லை என்று பிரி. எலிக்காய்ச்சல் பக்டீரியா. டைபஸும் வைரஸ் இல்லை. உண்ணி போன்ற பூச்சி கடித்து வருவது, உடம்பில் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள், மருந்து கொடுத்தால் சீக்கிரம் கேட்கும். டெங்குவோடு சேர்த்து இந்த மூன்று காய்ச்சலும் முதல் நாளில் ஒரே மாதிரித்தான் இருக்கும். தேயிலையில் 1946இல் வந்து சேர்ந்த கொப்புள நோயையும் வைரஸ் என்று சொல்கிற ஆட்கள் உண்டு, அது பூஞ்சணம். மருந்தடிக்கிற அப்பாவிடம் கேட்டால் உன்னைவிட நன்றாகச் சொல்வார்.

புத்தகம்: ‘ஃபீல்ட்ஸ் வைராலஜி’ தலையணை மாதிரி இருக்கும், லைப்ரரியிலேயே விட்டு வை. ஃபென்னர், வைட் எழுதிய மருத்துவ வைரஸியல் போதும். வின்சென்ட் ரக்கானியெல்லோ கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்புகள் யூடியூபில் முழுவதும் இலவசமாக இருக்கின்றன. வேகத்தைக் குறைத்துக் கேள், எழுத்தைப் போட்டுக் கேள். லீவில் தோட்டத்துக்கு வரும்போது கோயில் மேட்டில்தான் சிக்னல் என்றால், ஹொஸ்டலிலேயே இறக்கிக் கொண்டு வா. லயத்தில் பகலில் படிக்க முடியாது என்று சண்டை பிடிக்காதே. அம்மா பெரட்டுக்கு முன்னால் சமைக்க நாலு மணிக்கு எழும்புவாள். நீயும் எழும்பு, அந்த இரண்டு மணிநேரம் யாரும் டீவி போட மாட்டார்கள்.

பாட்டியோடு கொப்பளிப்பான் அம்மை விஷயத்தில் வாதாடாதே. ‘மாரியாத்தா வந்திருக்கா’ என்று வேப்பிலை கட்டி, வெளியாட்களை உள்ளே விடாமல், பிள்ளையைத் தனியாக வைப்பது நல்ல தனிமைப்படுத்தல்தான். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை தொற்றும். பாட்டி சொல்கிற தண்ணி வார்க்கிற நாள் அதற்குக் கிட்டத்தில்தான் வரும். நீ சேர்க்க வேண்டியது இரண்டே: அம்மை வராத கர்ப்பிணிகள் அந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது, பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. தாத்தாவுக்கு விலாவில் வந்த அக்கி, அவர் சின்ன வயதில் கண்ட அதே வைரஸ் நரம்புக்குள் இத்தனை வருடம் ஒளிந்திருந்து எழும்பியது என்று சொல்லிப் பார். பாட்டி உன்னைவிட ஆச்சரியப்பட மாட்டார்.

முதல் வருட லீவுக்குள் உன் போன் நம்பர் ஐந்து லயத்துக்கும் போய்ச் சேரும். டாக்டர் வேலை பார்க்காதே; அனுப்ப வேண்டிய ஆளை அனுப்பு. காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம், மூன்றாம் நாள் இரத்தம் பார்க்க வேண்டும், காய்ச்சல் இறங்கியதும் ஆள் சோர்ந்தால் உடனே பதுளைக்குக் கொண்டு போக வேண்டும் என்று சொல். நாய் கடித்தது என்றால் மஞ்சளும் வேண்டாம், கோப்பித்தூளும் வேண்டாம். ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி. அந்த வைரஸுக்கு உறை உண்டு, சவர்க்காரம் அதைக் கரைக்கும். நரம்பு வழியாக அது மூளைக்கு ஏறப் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ ஆகும், அந்த இடைவெளிக்குள் ஊசி வேலை செய்யும். பாஸ்டர் 1885இல் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனைக் காப்பாற்றியதும் அந்த இடைவெளிக்குள்தான். 1973இல் இந்த நாட்டில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இப்போது ஆண்டுக்கு இருபது, முப்பது என்று குறைந்திருக்கிறது. அந்த இருபது முப்பதில் நம் லயத்துப் பிள்ளை இருக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அடித்தாலும் எடு. எனக்கு வருவதில் பாதி நாய்க்கடிதான்.